உஷார்! கரையில் இறங்கினாலும் கப்பல் மணிதான் மணி

சிங்கப்பூரில் கப்பல் ஏறிப் புக்கெட் போகிறவர்களே, முதலில் இதைக் கேளுங்கள். புக்கெட் கரையில் கால் வைத்ததும் உங்கள் செல்போன் தானாகவே ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. பல கப்பல்களில் கிளம்பிய ஊரின் நேரத்தையே வைத்திருப்பார்கள். 'மாலை 4.30க்குள் திரும்பிவிடுங்கள்' என்று இறங்கும் வாசலில் எழுதியிருந்தால் அது கப்பல் நேரம். அந்த நேரத்தில் உங்கள் போன் 3.30 என்றுதான் காட்டும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று நீங்கள் இளநீர் வாங்கிக்கொண்டு உட்காரும்போது, அங்கே கப்பலின் ஏணிப்பாலத்தை மேலே இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

எங்களுக்கு இது நடந்தது. அக்கா குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ஒரு கப்பலில் போயிருந்தோம். புக்கெட்டில் கப்பல் கரையைத் தொடவில்லை, படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்றது. சின்னப் படகில் கரைக்கு வந்து, தெருவோரம் நின்ற வேன் ஒன்றைப் பேசி, சலோங் புத்தர் கோயில் வரை போய்விட்டோம். அங்கேதான் அக்கா மகள் தன் கையில் கட்டியிருந்த சாதாரண வாட்சைப் பார்த்துவிட்டு, "மாமா, என் வாட்ச்ல மூணு மணி ஆச்சு. உங்க போன்ல ஏன் ரெண்டு காட்டுது?" என்று கேட்டாள். கடைசிப் படகு 4 மணிக்கு. நடுவில் படோங் மலைப்பாதை, சாயங்காலம் நெருங்க நெருங்க அதில் வண்டி நகராது. அத்தானுக்கு முகமே வெளுத்துவிட்டது. கடைசிப் படகில் கடைசியாக ஏறிய ஐந்து பேரில் நான்கு பேர் நாங்கள். கப்பலில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டு கேபின் எண்களைச் சொல்லி ஒலிபெருக்கியில் மூன்று முறை அழைத்தார்கள். பிறகு அழைப்பது நின்றுவிட்டது. கப்பல் நகர்ந்தது. அந்தக் கேபின்காரர்கள் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சின்னப் பெண் கையில் வாட்ச் கட்டாமல் வந்திருந்தால் மூன்றாவதாக எங்கள் எண்ணையும் கூப்பிட்டிருப்பார்கள்.

ஆயிரக்கணக்கானோர் போகிற கப்பல், பத்து நிமிடம் நிற்கக் கூடாதா என்று ஊருக்கு வந்த பிறகு பலரும் கேட்டார்கள். நிற்காது. துறைமுகத்தில் கப்பல் நிற்கும் இடம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தது. வெளியே கொண்டுபோகும் பைலட்டை முன்கூட்டியே நேரம் குறித்து வரவழைத்திருப்பார்கள். சில துறைமுகங்களில் கடல் நீர்மட்டம் இறங்குவதற்குள் வெளியேற வேண்டும். தாமதத்தை ஈடுகட்ட இரவு முழுக்க வேகமாக ஓட்டினால் எரிபொருள் செலவு எகிறும். அடுத்த துறைமுகத்திலும் அதே போல இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே 'ஏறும் கடைசி நேரம்' என்று சொன்னால் அதற்கு அரை மணி கழித்துக் கப்பல் கிளம்பிவிடும், சமயத்தில் அதற்கும் முன்பே.

கப்பலின் டூர் டெஸ்கில் பணம் கட்டிப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு உண்டு. எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று கப்பலுக்குத் தெரியும். பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், முடியாத பட்சத்தில் அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகவோ உள்ளூர் கைடோடோ இறங்கினால் அந்தப் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். டூர் டெஸ்க்காரர் வாங்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வாய் வார்த்தை என்று நினைப்பவர்கள் சாவ் டோமேயில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 மார்ச் 27. மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் இருக்கும் சின்னத் தீவு அது. நார்வீஜியன் டான் என்ற கப்பலிலிருந்து இறங்கிய எட்டுப் பேர், ஆறு அமெரிக்கர்களும் இரண்டு ஆஸ்திரேலியர்களும், உள்ளூர் ஏற்பாட்டில் தனியாகத் தீவைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். திரும்பத் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால் கப்பல் இன்னும் நங்கூரத்திலேயே நிற்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. தீவின் கடலோரக் காவல் படையினர் இரக்கப்பட்டு அவர்களைத் தங்கள் படகில் ஏற்றிக் கப்பலின் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். கேப்டன் ஏற்ற மறுத்துவிட்டார். அந்தக் குழுவில் வயதானவர்களும் ஒரு மாற்றுத்திறனாளியும் இருந்தார்கள். அதற்காகவும் வாசல் திறக்கவில்லை.

பிறகு அவர்கள் பட்ட பாடு ஒரு வாரக் கதை. நாடு மாற்றி நாடு விமானம் ஏறி, கப்பலின் அடுத்த நிறுத்தமான காம்பியாவுக்கு ஓடினார்கள். அங்கே நீர்மட்டம் போதாமல் கப்பல் துறைமுகத்துக்குள் வரவே இல்லை. அங்கிருந்து தரைவழியாக செனகலுக்குப் போய், ஏப்ரல் 2 அன்று டக்கார் துறைமுகத்தில்தான் கப்பலைப் பிடித்தார்கள். கப்பல் நிறுவனம் சொன்னது இதுதான்: தனியாகப் போனவர்கள் நேரத்துக்கு வருவது அவர்கள் பொறுப்பு. அவர்களின் பாஸ்போர்ட்டுகளை மட்டும் உள்ளூர் ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் போயிருந்தது.

இந்த இடத்தில் நம் ஆட்கள் நின்று யோசிக்க வேண்டும். அந்த எட்டுப் பேரிடம் இருந்தது அமெரிக்க, ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட். வழியில் எத்தனை நாடு குறுக்கே வந்தாலும் பெரும்பாலும் டிக்கெட் எடுத்து ஏறிவிடலாம். நம்மிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் பாடு இன்னும் அதிகம். கப்பலைத் தவறவிட்டால் அவர்களுக்குப் பணம் போகும். நமக்கு வழியே அடைபடும்.

எப்படி என்றால், சில நாடுகள் கப்பலில் வந்து அன்றே கப்பலில் திரும்புகிறவர்களிடம் தனி விசா கேட்பதில்லை. அந்தச் சலுகை கப்பலோடு கட்டியது. கப்பல் போய்விட்டால் அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் அந்த ஊரில் விசா இல்லாத ஆள். அடுத்த துறைமுகம் வேறு நாட்டில் இருக்கும், அங்கே விமானத்தில் போய் இறங்குவதற்கு உங்கள் பெயரில் விசா வேண்டும். பார்சிலோனாவில் ஏறித் துருக்கியில் நின்று மறுபடி இத்தாலிக்கு வருகிற பயணத்தில், ஒரு முறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவை வாங்கிக்கொண்டு கிளம்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூர் கப்பலுக்கும் இதே கதைதான். மலேசியா, தாய்லாந்து போய்விட்டுத் திரும்பவும் சிங்கப்பூருக்குள்தான் நுழைகிறீர்கள். விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று போட்டிருக்கிறது என்பதைப் பெட்டி கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஆசியப் பகுதியில் ஓடும் பல கப்பல்களில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். குடியேற்றச் சோதனையை அவர்களே மொத்தமாக முடிப்பதற்கு அது வசதி. நீங்கள் கரையில் இறங்கும்போது கையில் இருப்பது கேபின் கார்டு ஒன்றுதான். கப்பல் போய், பாஸ்போர்ட்டும் அதோடு போய்விட்டால், இந்தியத் தூதரகம் அவசரச் சான்று ஒன்று கொடுக்கும். அது இந்தியாவுக்குத் திரும்புவதற்கு மட்டும் செல்லும் ஒருவழித் தாள். அதை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் போய்ப் பெட்டியை எடுக்க முடியாது. அம்மாவும் குழந்தையும் கப்பலில், அப்பா கரையில் என்று பிரிந்து நின்றால் அந்தக் குடும்பத்தின் நிலைமை என்ன? கப்பலில் ஏறும் அன்றைக்கே வரவேற்பு மேசையில் கேளுங்கள்: பாஸ்போர்ட் எங்கே இருக்கும், இறங்கும்போது கையில் தருவார்களா? தரமாட்டார்கள் என்றால் முதல் பக்கம், விசாப் பக்கம் இரண்டையும் நகல் எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள், போனில் படமாகவும் வையுங்கள்.

அடுத்தது தூரம். கப்பல் கம்பெனி விளம்பரத்தில் 'ரோம்' என்று போட்டிருப்பார்கள், கப்பல் நிற்பதோ சிவிடவெக்கியாவில். ரோம் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். 'பாரிஸ்' என்றால் லே ஆவ்ர், சுமார் 200 கிலோமீட்டர். 'பாங்காக்' என்றால் லேம் சபாங், சாலையில் நெரிசல் இல்லாத நாளில்கூட இரண்டு மணி நேரம் போகும், நெரிசலில் மாட்டினால் கணக்கே கிடையாது. கொழும்பில் இறங்கிக் கண்டிக்குப் போய் வரலாம் என்று வண்டிக்காரர் சொல்வார். மலைச்சாலையில் போக மூன்று மணிக்கு மேல், வர மூன்று மணிக்கு மேல், நடுவில் தலதா மாளிகையில் வரிசை. ஒரு பகல் அதற்குப் போதாது.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது போர்ட் கிளாங்கில். விளம்பரத்தில் 'கோலாலம்பூர்' என்று இருக்கும். துறைமுகத்திலிருந்து நகரத்துக்குள் நுழையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மலேசியா வரை வந்துவிட்டு முருகனைப் பார்க்காமல் போவதா என்று மனசு கேட்காது. பத்துமலை முருகன் கோயில் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை முன்னால் படம் எடுத்து, 272 படி ஏறி இறங்கி, அர்ச்சனை முடித்து வர வயதானவர்களோடு போனால் இரண்டு மணி நேரம் சர்வ சாதாரணமாகப் போகும். அதோடு இரட்டைக் கோபுரம், புத்ராஜெயா, ஷாப்பிங் எல்லாம் ஒரே நாளில் காட்டுகிறேன் என்று எந்த டிரைவராவது சொன்னால், அவருக்கு உங்கள் கப்பலைப் பற்றி அக்கறை இல்லை என்று அர்த்தம். பத்துமலை மட்டும் போதும் என்று முடிவு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் பிற்பகல் நெரிசலுக்கு முன்பே, அதையும் காலையிலேயே முடித்துவிட்டுத் திரும்புங்கள்.

பினாங்கில் இந்தப் பயம் தேவையில்லை. கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில், ஜார்ஜ் டவுனின் ஓரத்திலேயே நிற்கும். இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா, குயின் தெரு மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், பழைய செட்டியார் கடைத்தெரு எல்லாம் கால் நடைத் தூரம். தமிழ் பேசினாலே வழி கிடைக்கும். இங்கே கப்பலின் பஸ் டூருக்குப் பணம் கட்டுவது வீண் என்று நான் தயங்காமல் சொல்வேன். பினாங்கு மலை ரயிலுக்கு மட்டும் ஜாக்கிரதை. மேலே போவதற்கு நின்ற அதே வரிசை இறங்குவதற்கும் இருக்கும்.

திரும்பும் வழியில் நிற்கும் வரிசைதான் பல பேரைக் கவிழ்க்கிறது. கிரீஸில் சாண்டோரினி போகிறவர்களுக்கு இது அனுபவம். கப்பல் நடுக்கடலில் நிற்கும், படகில் கீழே பழைய துறையில் இறக்குவார்கள், ஊர் மலை உச்சியில். ஏறி இறங்க கேபிள் கார், இல்லாவிட்டால் 588 படி. ஒரே நாளில் நாலைந்து கப்பல் வந்து நின்றால், மாலையில் எல்லோரும் ஒரே கேபிள் காருக்கு வந்து நிற்பார்கள். முட்டி வலிக்காரர்கள் அந்தப் படிகளில் கழுதைச் சாணத்துக்கு நடுவே இறங்க முடியாது. படகில் கரைக்கு வரும் எந்த ஊரிலும் கப்பல் கிளம்பும் நேரத்தை மறந்துவிடுங்கள். கடைசிப் படகின் நேரம்தான் உங்கள் நேரம், அதற்கும் ஒரு மணி நேரம் முன்பு அங்கே நிற்க வேண்டும். தரைவழியாக நகரத்துக்குப் போனால் இரண்டு மணி நேரம் முன்பே துறைமுக வாசலில் இருங்கள்.

உள்ளூர் கைடைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நல்ல கைடு கிடைத்தால் கப்பலின் பஸ் டூர் அதற்கு ஈடாகாது. ஆனால் துறைமுக வாசலில் லேமினேட் செய்த படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர் எல்லாம் கைடு கிடையாது. தாய்லாந்தில் கைடு வேலை தாய் குடிமக்களுக்கு மட்டும் என்று சட்டம், உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். 'தமிழ் பேசுகிற கைடு' என்று நம் ஊர்க்காரர் யாராவது புக்கெட்டில் வந்து ஒட்டிக்கொண்டால், போலீஸ் நிறுத்தும் இடத்தில் உங்கள் சுற்றுலாவும் நின்றுவிடும். மலேசியாவில் உரிமம் பெற்ற தமிழ் கைடுகளே நிறையப் பேர் இருக்கிறார்கள், இலங்கையிலும் சுற்றுலாத் துறையின் அட்டை வைத்திருக்கும் தமிழர்கள் உண்டு. அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாணயமானவர் சிரித்துக்கொண்டே காட்டுவார்.

பேரம் பேசும்போதே விலை ஒரு ஆளுக்கா, வண்டிக்கா, எந்த நாட்டுப் பணத்தில் என்று கேட்டுவிடுங்கள். இறங்கியதும் இந்த மூன்றிலும்தான் சண்டை வரும். 'கடை எதற்கும் நிறுத்தக் கூடாது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விலை ரொம்ப மலிவாக இருந்தால், ரத்தினக் கடை, தோல் பொருள் கடை, தேன் கடை என்று கமிஷனுக்காக நிறுத்தி உங்கள் நேரத்தைத் தின்றுவிடுவார்கள். பாங்காக்கில் 'அரண்மனை இன்றைக்கு மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்' என்று தெருவில் ஒருவர் அன்பாகச் சொன்னால், அந்தப் பாதை ரத்தினக் கடையில் போய்த்தான் முடியும். நேராக வாசலுக்குப் போய் நீங்களே பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். துறைமுக வாசலில் எத்தனை மணிக்கு விட வேண்டும் என்பதை ஒரு தாளில் எண்ணாக எழுதி, பக்கத்தில் உள்ளூர் நேரமா கப்பல் நேரமா என்றும் எழுதி டிரைவர் கையில் கொடுங்கள்.

புக்கெட் கடற்கரையில் ஜெட் ஸ்கி வாடகைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலைக் காட்டி, நீங்கள்தான் உடைத்தீர்கள் என்று பெரிய தொகை கேட்டு ஆட்களோடு சூழ்ந்துகொள்வது அங்கே பல வருடப் பழக்கம். கப்பல் கிளம்பப் போகிறது என்ற அவசரம் உங்களுக்கு, அது அவர்களுக்கும் தெரியும். அப்படி மாட்டினால் பணத்தை எடுக்காமல் சுற்றுலாப் போலீஸை 1155 எண்ணில் கூப்பிடுங்கள். ஸ்கூட்டர் வாடகையும் அப்படித்தான். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடு பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

கடலைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டும். மே முதல் அக்டோபர் வரை அந்தப் பக்கம் பருவமழைக் காலம். 2018 ஜூலை 5 அன்று வானிலை எச்சரிக்கை இருந்தும் புக்கெட்டில் சுற்றுலாப் பயணிகளோடு கடலுக்குப் போன பீனிக்ஸ் என்ற படகு புயலில் கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் செத்துப்போனார்கள். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் ஆழத்துக்குக்கூட இறங்காதீர்கள், குழந்தைகளை இறக்கவே இறக்காதீர்கள். வேகப் படகில் பிபி தீவுக்குப் போகும் ஆசை இருந்தால், உங்கள் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கிடைத்த பிறகுதான் படகு நகர வேண்டும். திரும்பும்போது அலை எழும்பிவிட்டால் படகு மெதுவாகத்தான் வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கப்பல் விற்கும் டூர் என்றால் உயிருக்கு உத்தரவாதம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வெள்ளைத் தீவில் எரிமலை வெடித்தபோது தீவில் இருந்த 47 பேரில் 38 பேர் ஓவேஷன் ஆஃப் தி சீஸ் கப்பலிலிருந்து வந்தவர்கள். கப்பலில் விற்ற டூர்தான் அது. 22 பேர் இறந்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பே அந்த எரிமலைக்கான எச்சரிக்கை நிலையை உயர்த்தியிருந்தார்கள். யார் விற்றாலும், போகும் இடத்துக்கு என்ன எச்சரிக்கை இருக்கிறது என்று முதல் நாள் இரவு ஐந்து நிமிடம் நீங்களே தேடிப் பார்க்க வேண்டும். நடுக்கடலில் செல்போன் டேட்டாவில் தேடாதீர்கள், கப்பலின் செல்போன் சிக்னல் பில் வந்தால் தாங்காது. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டுக் கப்பல் வைஃபையில் பாருங்கள்.

இறங்கும் நாள் காலையில் கேபின் கதவடியில் ஒரு தாளைச் செருகியிருப்பார்கள், அல்லது கப்பலின் ஆப்பில் வரும். சாப்பாட்டு நேரம், நடன நிகழ்ச்சி எல்லாம் அதில் பெரிய எழுத்தில் இருக்கும். கீழே ஒரு மூலையில் பொடி எழுத்தில் அந்த ஊரின் துறைமுக ஏஜென்டின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். கப்பல் போய்விட்டால் உங்கள் பாஸ்போர்ட் அவரிடம்தான் இருக்க வாய்ப்பு உண்டு. கப்பலோடு பேச வழி உள்ள ஒரே மனிதரும் அந்த ஊரில் அவர்தான். தாமதமாகும் என்று தெரிந்த உடனே அவரைக் கூப்பிட வேண்டும், துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த பிறகு கூப்பிட்டால் பயன் இல்லை. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இரண்டு நாளைக்கான பிரஷர், சுகர் மாத்திரையை அவர்கள் கைப்பையிலேயே போட்டு இறங்குங்கள். கையில் ஒரு சாதாரண வாட்சைக் கட்டி அதைக் கப்பல் நேரத்தில் வையுங்கள். அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து, கூட வரும் ஒவ்வொருவருக்கும் அனுப்பிவிட்டு அதற்குப் பிறகு கேபின் கதவைப் பூட்டுங்கள்.